கொள்ளிடமாக நின்றவர்

புதன்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். கடையில் உட்கார்ந்து யாரோ கொடுத்துவிட்டுப் போன லேப்டாப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். திருகாணி ஒன்று மேசைக்கடியில் உருண்டுவிட்டது. குனிந்து தேடும்போது போன் அடித்தது. மங்கை அக்காவின் எண். "சொல்லுங்கக்கா, வெள்ளிக்கிழமை நானே கூப்பிடறேன்னு சொன்னேன்ல" என்று மேசைக்கடியிலிருந்தே ஆரம்பித்தேன். பதிலுக்கு ஓர் ஆண் குரல் கேட்டது.

"காதர் தம்பிங்களா? நான் மங்கை வீட்டுக்காரர் பேசறேன், இளங்கோவன். மங்கை நேத்து சாயங்காலம் தவறிட்டா தம்பி. காலையில எட்டு மணிக்கு எடுத்துட்டோம். அவ போன்ல ஒவ்வொரு பேரா பாத்துச் சொல்லிக்கிட்டு வரேன்."

அக்காவின் கடைசிச் செய்தி அதற்கு முந்தின சனிக்கிழமை வந்தது. "தம்பி, நேரம் இருந்தா ஒரு போன் பண்ணுங்க. அவசரமில்ல." நாகப்பட்டினத்தில் என் கடைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்கு ஆற அமரப் பேசலாம் என்று பதில் போட்டேன். திங்கட்கிழமை ரத்த அழுத்தம் ஏறி மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் இருந்தார். ஐம்பத்து மூன்று வயது.

அன்று பகலில் நம் பழைய விளையாட்டுக் குழுவில் செய்தியைப் போட்டேன். சிங்கப்பூரிலிருந்து பிரபு உடனே எழுதினான்: "கை மந்தமான பிறகும் கேடயத்தைக் கீழே வைக்காத அக்காவுக்கு வணக்கம்." அதற்குக் கீழே ஏழு பேர் கைகூப்பும் பொம்மையை வரிசையாகப் போட்டார்கள். பிரபு அன்போடுதான் எழுதினான், அவனை எனக்குத் தெரியும். ஆனால் அந்த வரி உண்மை இல்லை. அக்காவின் கை மந்தமானதே கிடையாது. அப்படி ஒரு பேச்சை அக்காவே கிளப்பிவிட்டார், நீங்கள் நம்பினீர்கள், அந்த நம்பிக்கையின் நிழலில் நான் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன். அதைச் சரிசெய்யாமல் எனக்குச் சோறு இறங்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திருவையாற்றில் அக்காவிடம் போய் வந்தவர்களும் இதைப் படிக்கக்கூடும். உங்களுக்கு அவர் கம்ப்யூட்டர் சென்டர் மங்கையர்க்கரசி. பரீட்சைக்கு ஹால் டிக்கெட் எடுக்கவும், வெளிநாடு போகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதவும், நிலத்துக்குப் பட்டா நகல் எடுக்கவும் அவரிடம் போயிருப்பீர்கள். எழுத்துப்பிழையோடு விண்ணப்பம் கொண்டுவந்தால் எல்லார் முன்னாலும் திட்டுவார், பிறகு அவரே உட்கார்ந்து திருத்தித் தருவார். அதே மேசையில், அதே நாற்காலியில் உட்கார்ந்து அவர் வாரம்தோறும் ஓர் அரக்கனோடு சண்டை போட்டார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

பல ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் இணையத்தில் சேர்ந்து ஆடும் விளையாட்டு அது. பத்துப் பேர் கூடி ஒரு பெரிய அரக்கனை வீழ்த்த வேண்டும். ஒருவர் முன்னால் நின்று, அவன் அடிக்கும் அடியை எல்லாம் தன்மேல் வாங்கிக்கொள்ள வேண்டும். அவருக்கு டேங்க் என்று பெயர். அவர் விழுந்தால் அடுத்த அரை நிமிடத்தில் எல்லாரும் காலி. அவர் விழாமல் பார்த்துக்கொள்ள, பின்னால் நின்று விடாமல் மருந்து செலுத்துகிறவர் ஹீலர். மற்றவர்கள் அரக்கனை அடிப்பார்கள். நம் பத்துப் பேரில் மங்கை அக்கா டேங்க், நான் ஹீலர். அக்காவை நேரில் நான் பார்த்தது மொத்தம் மூன்று தடவைதான். ஆனால் திரையில் அவர் தலைக்கு மேல் இருந்த பச்சைக் கோட்டை, அவருடைய உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கோட்டை, ஏழு வருடம் கண் கொட்டாமல் பார்த்திருக்கிறேன்.

விளையாட்டில் எல்லாரும் சிங்கம், புலி என்று பெயர் வைத்துக்கொண்டபோது அவர் வைத்துக்கொண்ட பெயர் கொள்ளிடம். அறிமுகமான முதல் வாரத்தில் ஏன் இப்படி ஒரு பெயர் என்று கேட்டேன்.

"நாகப்பட்டினத்துக்காரருக்குத் தெரியாதா? மேட்டூர் நெரம்பி வெள்ளம் வந்தா என்ன பண்ணுவாங்க? காவேரியிலயும் வெண்ணாத்துலயும் அளவாத்தான் விடுவாங்க. மிச்சம் அத்தனையையும் கொள்ளிடத்துல திருப்பிடுவாங்க. அது வாங்கிக்கறதாலதான் நம்ம வயல் நிக்குது. டேங்க் வேலையும் அதானே தம்பி?"

அந்தப் பெயரையே பிறகு நம் குழுவுக்கும் வைத்தோம்.

அக்காவுக்கு விளையாட்டில் பாதி, நோட்டில்தான் நடந்தது. கவசம், கேடயம், கையுறை, செருப்பு என்று டேங்க் அணிகிற ஒவ்வொன்றிலும் சில எண்கள் இருக்கும். உயிர் எண் கூடினால் அதிக அடி தாங்கலாம். கவச எண் கூடினால் விழுகிற ஒவ்வோர் அடியின் வேகமும் குறையும். டாட்ஜ் எண் கூடினால் சில அடிகள் மேலே படாமலே போகும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றில் குறையும். தோட்டில் கல் பதிக்கிற மாதிரி கவசத்திலும் கல் பதித்து எண்களை ஏற்றலாம். எந்தக் கல் எங்கே என்று நாங்கள் குருட்டாம்போக்கில் பதிப்போம். அக்கா, சென்டரில் ஆள் இல்லாத மத்தியானங்களில், கோடு போட்ட நோட்டில் எழுதி எழுதி அடித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் ஒரு கல்லைத் தொடுவார்.

ஒருமுறை அபூர்வமான ஒரு கேடயம் கிடைத்தது. பொன் நிறம், ஓரமெல்லாம் மினுக்கும். குழுவே அக்காவை மாட்டச் சொல்லிக் கத்தியது. அதில் உயிர் எண் ஏராளம். அக்கா மாட்டிப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், கழற்றிவிட்டார்.

"பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உயிரை மட்டும் ஏத்தி என்ன பண்றது? பெரிய அண்டாவா வெச்சா நெரப்பறது யாரு? காதர் தம்பிதானே தண்ணி தூக்கணும். மேல அடியே படாம இருக்கறதுதான் ஹீலருக்கு நான் பண்ற மரியாதை."

அதனால் அவர் உடம்பு முழுவதும் டாட்ஜ். அரக்கன் கை ஓங்குவான், அக்கா அங்கே இருக்க மாட்டார். பிரபு அவரை விலாங்கு என்று கூப்பிடுவான். திருக்காட்டுப்பள்ளிக்காரன், வாய்க்காலில் மீன் பிடித்து வளர்ந்தவன், அவன் வாயில் அது பெரிய பாராட்டு.

இனி என் கதைக்கு வருகிறேன். சுனாமிக்கு அடுத்த வருடம், அத்தாவின், அதாவது என் அப்பாவின், கடை இருந்த இடத்தில் கடை இல்லாமல் போனதால், ஷார்ஜாவில் ஒரு சரக்குக் கம்பெனிக்குப் போனேன். அறையில் எட்டுப் பேர், தமிழ் ஆள் நான் ஒருவன்தான். வாரத்தில் ஆறு நாளும் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் "ஆயா, கயா" என்று ஓட்டுவேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுது, சாப்பிட்டு, இரண்டு மணிக்குக் காதில் ஹெட்போனை மாட்டினால் ஒன்பது பேர் தமிழில் சண்டை போடுவது கேட்கும். எனக்கு இரண்டு மணி, அக்காவுக்கு மூன்றரை, வேலை முடிந்து வரும் பிரபுவுக்கு ஆறு. "காதர் தம்பி வந்தாச்சா? சாப்பிட்டீங்களா?" என்று அக்கா கேட்டுவிட்டுத்தான் ஆட்டம் ஆரம்பிக்கும். வாரம் முழுக்க அந்தக் கேள்வியைக் கேட்கும் ஒரே ஆள் அவர்தான். அந்த மூன்று மணி நேரம் இல்லையென்றால் நான் அங்கே இருந்திருக்க மாட்டேன், எப்போதோ பெட்டியைக் கட்டியிருப்பேன்.

அந்த நேரத்தை என் விடுமுறைக்காகத்தான் வைத்தோம். அதில்தான் தப்பு செய்தோம். எங்கள் கட்டடத்தில் இருபது அறைக்கும் சேர்த்து ஒரே இணைய லைன். நான் தொழுதுவிட்டு வந்த அதே நேரத்தில்தானே மற்றவர்களும் வருவார்கள்? இருபது அறைக்காரர்களும் சாப்பிட்டு முடித்து, இணையம் வழியாக ஊருக்குப் போன் போட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு பேச உட்காருவார்கள். இரண்டு மணிக்கு என் லைன் திணறத் தொடங்கும். நான் மருந்துப் பட்டனை அழுத்துவேன், அது இரண்டு நொடி கழித்துப் போய்ச் சேரும். மற்ற நாட்களில் டூட்டிக்குப் போகும் முன் அக்காவோடு சின்னச் சின்ன ஆட்டம் ஆடுவதுண்டு, அப்போதெல்லாம் லைன் சுத்தமாக இருக்கும்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. காரணம் இருந்தது. லைன் சரியில்லாதவன் வெளியே உட்கார வேண்டும் என்பது பிரபு போட்ட விதி. கும்பகோணத்து சேகரை அப்படித்தான் உட்கார வைத்தோம். இரண்டு வாரம் வெளியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான், பிறகு வரவே இல்லை. அவனை ஒருவரும் தேடவும் இல்லை. எனக்கும் அதுதான் நடக்கும் என்று தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

கடைசி அரக்கனிடம் போனதும் என் சாயம் வெளுக்கத் தொடங்கியது. அவன் அடி இடி மாதிரி விழும். அக்கா மூன்று அடி தப்புவார், நான்காவது விழும், ஐந்தாவதும் விழும், இரண்டுக்கும் நடுவில் என் மருந்து வந்து சேராது. அக்கா விழுவார். அடுத்தடுத்து மூன்று வெள்ளிக்கிழமை இதே கதை.

"காதரு, தூங்கறியாடா? அக்கா உயிர் எறங்கறது கண்ணுக்குத் தெரியலையா?" என்று பிரபு கத்தினான்.

"விட்டுக்கிட்டுதான்டா இருக்கேன்" என்றேன். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை.  அடுத்து யாராவது "உன் லைன் எப்படி இருக்கு?" என்று கேட்டால் முடிந்தது. 

அப்போதுதான் அக்கா பேசினார். "காதர் தம்பியைச் சொல்லாதீங்க பிரபு. என் கைதான். நாள் பூரா தட்டச்சு தட்டி விரல் மரத்துப்போகுது, பட்டனை நேரத்துக்கு அமுக்க முடியல. டாட்ஜை எடுத்துட்டுக் கவசத்துக்கு மாறிடறேன். ரெண்டு வாரம் டைம் கொடுங்க."

ஏழு மாதம் பார்த்துப் பார்த்துப் பதித்த கல்லை எல்லாம் உடைத்தார். உடைத்த கல் திரும்ப வராது. கனமான இரும்பாக வாங்கி மாட்டினார். அவர் வேண்டாமென்று பொதுப் பெட்டியில் போட்டிருந்த அந்தப் பொன் நிறக் கேடயத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தனியாகப் பேசும்போது காரணம் கேட்டேன்.

"டாட்ஜ் மழை மாதிரி தம்பி. வந்தா நல்லா வரும், வரலைன்னா மொத்தமா காய வெச்சிடும். கவசம் முறைத்தண்ணி. கொஞ்சந்தான் வரும், ஆனா சொன்ன நாள் தப்பாது. என்னை மாதிரி கை மந்தமானவளுக்கு முறைத்தண்ணிதான் சரி."

இரும்புக்கு மாறியதும் ஆட்டத்தின் அழகு போய்விட்டது. அரக்கன் ஓங்கிய அடி ஒவ்வொன்றும் அவர்மேல் விழுந்தது. முன்னைப்போல அவனைத் தன் பக்கமே இழுத்துப் பிடிக்கவும் முடியவில்லை, பலமாக அடித்தால் அரக்கன் பிரபு பக்கம் திரும்பிவிடுவான், அதனால் பிரபு கை ஓங்கி அடிக்க முடியவில்லை. சண்டை இழுத்தது. "விலாங்கு ஆமையாயிடுச்சு" என்று பிரபு எழுதினான். பத்து நாளில் சிங்கப்பூரிலிருந்தே ஒரு புது டேங்கைக் கண்டுபிடித்தான். இளம் கை, கரண்ட் கட் இல்லாத ஊர். அக்காவை இறக்கிவிட்டு அவனை ஏற்றலாமா என்று குழுவில் எல்லாரையும் கருத்துக் கேட்டான். அக்காவும் படிக்கிற அதே பக்கத்தில்.

நான் என்ன எழுதினேன் என்று உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. "அக்காவுக்கு முன்ன மாதிரி இல்லைங்கறது உண்மைதான்." அவ்வளவுதான் எழுதினேன். எழுதியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. பேச்சு அவர் கையைப் பற்றி இருக்கும்வரை என் லைனைப் பற்றி வராது. இதை எழுதவே கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அக்கா பதில் எழுதினார். "சரி தம்பிகளா. ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் கொடுங்க. விழுந்தா நானே எறங்கிடறேன்."

அந்த வெள்ளிக்கிழமை உங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். இருந்தாலும் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். தமிழ்நாட்டில் கரண்ட் வருவதைவிடப் போவது அதிகமாக இருந்த காலம் அது. திருவையாற்றில் அந்த மாதம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கட், பிறகு ஆறு மணி வரை இருக்கும் என்று அக்கா விசாரித்துச் சொல்லியிருந்தார். சண்டை பத்து நிமிடத்துக்கு மேல் போகும். மூன்றாவது நிமிடத்தில் ஹெட்போனில் ஃபேன் சத்தம் நின்றது. அதன் பின்னால் யூ.பி.எஸ். கூவ ஆரம்பித்தது. கீ, கீ என்று நிதானமாக.

"கரண்ட் போயிடுச்சு" என்றார் அக்கா. "மத்த மெஷினை எல்லாம் முன்னாடியே அணைச்சு வெச்சுட்டேன். இது ஒண்ணுதான் ஓடுது. மத்தியானக் கட்டுக்கு அப்புறம் பேட்டரி முழுசா ஏறியிருக்காது. ஆறு நிமிஷம் வரும், ஏழு வராது. யாரும் பேசாதீங்க, அடிங்க."

எல்லாரும் அடித்தார்கள். நான் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் லைன் அன்றும் திணறியது. அடி விழும், கோடு பாதிக்கு இறங்கும், நான் பட்டனை அழுத்துவேன், கோடு அசையாது. இன்னோர் அடி, கால்வாசிக்கு இறங்கும். அப்போதுதான் மருந்து போய்ச் சேரும். முன்னால் என்றால் அந்த இரண்டாவது அடியிலேயே முடிந்திருக்கும். இப்போது கோடு கால்வாசியில் நின்றது, ஒவ்வொரு முறையும் கால்வாசியில் நின்றது. ஏன் நிற்கிறது என்று நான் யோசிக்கவில்லை. 

யூ.பி.எஸ். வேகமாகக் கூவத் தொடங்கியபோது அரக்கனுக்கு இன்னும் கொஞ்சம் உயிர் மிச்சம். அக்கா சொன்னார்: "மானிட்டரை அணைக்கப் போறேன். அதுதான் பேட்டரியைக் குடிக்குது. எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்கதான் கண்ணு. பிரபு, அவன் கையை ஓங்குனா சொல்லுங்க."

பிரபுவை. அவரை இறக்கிவிட நின்றவனை. இத்தனை வருடமாக அவர் உயிரையே பார்த்துக்கொண்டிருக்கும் என்னை அல்ல. எனக்குச் சுருக்கென்றது. நான் எழுதிய வரிக்குப் பழிவாங்குகிறார் என்றுகூட அந்த அவசரத்தில் நினைத்தேன்.

கறுத்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து, பட்டன்களைக் கைப்பழக்கத்தில் தட்டி, அக்கா நின்றார். "இப்ப" என்றான் பிரபு. கேடயத்தைத் தூக்கினார். "இப்ப." தூக்கினார். "இப்பக்கா, இப்ப!" பிரபுவின் குரல் உடைந்திருந்தது. கீகீகீ என்று இடைவிடாமல் கூவிக்கொண்டிருந்த யூ.பி.எஸ். திடீரென்று ஓய்ந்தது. அக்கா இருந்த இடத்தில் ஹெட்போன் வெறுமையாக இருந்தது. விளையாட்டில் மட்டும் கொள்ளிடம் இன்னும் நின்றுகொண்டிருந்தார். லைன் அறுந்த ஆளை அது சில நொடி கழித்துத்தான் எடுக்கும். அந்தச் சில நொடியில் பிரபு கடைசி அடியை அடித்தான், அரக்கன் விழுந்தான். நாம் கத்திய கத்தலில் பக்கத்து அறைப் பட்டாணியர் எழுந்து வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் அக்கா வந்தார். "விழுந்தானா?" என்றுதான் முதலில் கேட்டார். பிரபு மன்னிப்பு கேட்டான். "அதெல்லாம் எதுக்கு? நின்னேன்ல, அது போதும்" என்றார். புது டேங்க் பேச்சு அத்தோடு நின்றது. கை மந்தம் என்ற பேச்சு மட்டும் நிற்கவில்லை, அது அன்பான கேலியாக மாறி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

ஆறு மாதம் கழித்து நான் வேறு அறைக்கு மாறினேன். சொந்த லைன் போட்டேன். மாறிய மூன்றாவது வாரம் அக்கா இரும்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் டாட்ஜுக்குப் போனார். மறுபடியும் விலாங்கு. "அக்கா, கை சரியாயிடுச்சா?" என்று பிரபு கேட்டதற்கு, "தைலம் தேச்சேன்" என்றார். எல்லாரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை என்பதுதான் சரி. பிறகு ஒவ்வொருவராகக் கல்யாணம், பிள்ளை, வேலை என்று கழன்றோம். நான் ஊர் திரும்பிக் கடை போட்டேன்.

வியாழக்கிழமை திருவையாறு போனேன். இளங்கோவன் அண்ணன் வயலிலிருந்து வந்த காலோடு சென்டர் கதவைத் திறந்துவிட்டார். நடவுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது, நிறுத்த முடியாது என்றார். அக்காவின் மேசை அப்படியே இருந்தது.

"அந்தச் சண்டை அன்னிக்கு நானும் இங்கதான் இருந்தேன் தம்பி" என்றார். "வாசல்ல நாலு பேரு அடங்கல் நகல் எடுக்க வந்து நிக்கறாங்க. உள்ள சண்டை நடக்குது, பத்து நிமிஷம் நில்லுங்கன்னேன். குடும்பச் சண்டைன்னு நெனச்சுப் பயந்துட்டாங்க." சிரித்தார், பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். 

"போன சனிக்கிழமை என்னைப் பேசச் சொன்னாங்களே, எதுக்குன்னு தெரியுமாண்ணே?"

"தெரியல தம்பி. சும்மாத்தான் இருக்கும். சாப்பிட்டீங்களான்னு கேப்பா."

இழுப்பறையிலிருந்து ஒரு கட்டு நோட்டை எடுத்துக் கொடுத்தார். "எனக்கு ஒண்ணும் புரியல, உங்களுக்குத்தான் புரியும்" என்றார். மூன்றாவது நோட்டில் அந்த மாதம் இருந்தது. விளையாட்டு தானே எழுதிவைக்கும் சண்டைப் பதிவை அச்செடுத்து ஒட்டியிருந்தார். அடி விழுந்த நேரம் ஒரு பக்கம், என் மருந்து வந்து சேர்ந்த நேரம் மறுபக்கம். வெள்ளிக்கிழமைகள் தனியாக, மற்ற நாட்கள் தனியாக. அதன் கீழே பச்சை மையில் அவர் கையெழுத்து:

"வெள்ளி மட்டும் ரெண்டு நொடி லேட். மத்த நாள் சரியா இருக்கார். கை இல்ல, லைன். அவருக்கே தெரியும் போல, சொல்ல மாட்டேங்கறார். கேட்டா சங்கடப்படுவார். வெளிய உக்கார வெச்சா அங்க தனியா என்ன பண்ணுவார்."

அடுத்த பக்கம் முழுவதும் எண்கள். தலையிலிருந்து செருப்பு வரை எதைக் கழற்றுவது, எதை மாட்டுவது, எந்தக் கல்லை உடைப்பது. பல தடவை அடித்துத் திருத்தியிருந்தார். அந்தப் பொன் நிறக் கேடயத்தின் பெயரைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். கடைசி வரி: "இப்படி வெச்சா மூணு நொடி லேட்டா வந்தாலும் நிப்பேன். கை மந்தம்னு சொல்லிக்கலாம்."

மானிட்டரை அணைத்தபோது அவர் ஏன் பிரபுவைக் கண்ணாக வைத்துக்கொண்டார் என்பதும் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. என் குரலும் அதே லைனில்தானே போய்ச் சேர வேண்டும்.

நோட்டுகளை இளங்கோவன் அண்ணன் என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். மற்றதை அவரிடமே கொடுத்துவிட்டேன், மூன்றாவதை மட்டும் எடுத்து வந்தேன். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இதோடு குழுவில் போடுகிறேன். நோட்டு என் கடை மேசையில் இருக்கும். சனிக்கிழமை வந்த செய்தியும் என் போனில் இருக்கும், அழிக்க மாட்டேன். போன் பண்ணுங்க என்று யார் எழுதினாலும் இனி வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்க மாட்டேன்.

பிரபு, உன் வரியைத் திருத்திவிடு. அக்காவின் கை மந்தமாகவே இல்லை, மந்தமாக இருந்தது என் லைன். இதைச் சொல்ல இரண்டு நொடி போதும். அக்கா உயிரோடு இருந்தவரை அந்த இரண்டு நொடி எனக்குக் கிடைக்கவில்லை.